மலை மேல் இருக்கிறவர் பெயர்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ரெக்கார்டு ரூமில் இருந்த பிறப்பு இறப்புப் புத்தகங்களை எல்லாம் ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தாகிவிட்டதாம். இனிமேல் தாத்தா, பூட்டன் என்று யாரைத் தேடிக்கொண்டு யார் வந்தாலும் பெயரைத் தட்டினால் போதும், பக்கம் வந்து நிற்குமாம். அதற்கு ஒரு சின்ன விழா. பழைய ஆள் என்ற முறையில் நீங்களும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். போனேன். சால்வை போட்டார்கள். மைக் என் கைக்கு வந்தபோது நேரமாகிவிட்டது என்று யாரோ ஜாடை காட்டினார்கள். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சந்தோஷமெல்லாம் இல்லை. பெயர் தெரியாமல்தான் பாதிப் பேர் வருகிறார்கள். தெரிந்த பெயர் புத்தகத்தில் இல்லாமல்தான் மீதிப் பேர் அழுதுகொண்டு போகிறார்கள். இதில் பெயரைத் தட்டி என்ன ஆகப்போகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. சால்வை போட்டவர்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். திண்டிவனத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நான் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் ஊர் விழுப்புரம். அப்பா சர்வீசில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. காலையில் பாசஞ்சரில் திண்டிவனம், சாயந்திரம் அதே மாதிரி திரும்பல். தபால், வரி, குடிநீர் என்று ஒவ்வொரு செக்‌ஷனாக உருட்டினார்கள். மேலதிகாரி ஒருவரை எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேசிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மறுநாளே ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். அது தண்டனை என்று பியூன் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். ரிட்டயர் ஆகிறவரை அங்கேயேதான் இருந்தேன்.

ஜன்னல் ஒன்றுதான். அதையும் மழைக்குப் பயந்து பாதி மூடியே வைத்திருப்போம். ஒரு மழைக்காலத்தில் மேல்தளம் ஒழுகி, ஒரு அலமாரி முழுக்கக் கூழாகிப் போயிருந்தது. அந்த அலமாரியில் இருந்த வருஷங்களில் பிறந்தவர்களும் செத்தவர்களும் அரசாங்கத்தைப் பொறுத்தவரை பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. இன்னொரு அலமாரியைக் கரையான் எடுத்துக்கொண்டது. வருகிறவர்களிடம் "அந்த வருஷம் போயிடுச்சுங்க" என்று சொல்வதே என் வேலையில் பெரிய பகுதி. சொல்லிச் சொல்லி மரத்துப் போயிருக்க வேண்டும். எனக்கு மரத்துப் போகவில்லை.

அந்த ரூமுக்குப் பொறுப்பு தேவசகாயம் சார். தலைமை எழுத்தர். குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். புத்தகத்தைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் அன்று முழுவதும் பேச மாட்டார். மூங்கிலைச் சீவி வழவழவென்று தேய்த்து ஒரு பட்டை வைத்திருந்தார், பக்கத்தைத் தூக்க அதைத்தான் கொடுப்பார். வந்தவரை முதலில் உட்கார வைப்பார். தேடி வந்த பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"பேரு அப்புறம் சொல்லுங்க. அப்ப யாரு வந்து சொன்னாங்க? அத முதல்ல சொல்லுங்க."

எனக்கு இது ஆரம்பத்தில் புரியவில்லை. ஒருநாள் அவரே விளக்கினார். "செத்தவன் வந்து தன் பேரைச் சொல்றதில்ல வசந்தாம்மா. பொறந்த குழந்தையும் சொல்றதில்ல. வேற ஒருத்தர் வந்து நின்னு சொல்றாங்க, இன்னொருத்தர் எழுதறாங்க. சொல்றவங்களுக்குத் துக்கம். எழுதறவனுக்கு ஜல்தி. நடுவுல பேரு மாட்டிக்கினு முழிக்குது." அதனால் பதிவேட்டின் கடைசிக் கட்டத்திலிருந்து, தகவல் கொடுத்தவர் என்ற இடத்திலிருந்து, வலமிருந்து இடமாகப் படிக்கப் பழக்கினார். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட நான் கடைசியில் இருந்துதான் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தேடின சாவு கிடைத்துவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நின்றுகொண்டுதான் அந்த வரியை வாசிப்பார். எத்தனை வருஷத்துப் பழைய சாவாக இருந்தாலும் சரி. கேட்கிறவர்களும் தன்னால் எழுந்து நிற்பார்கள்.

வந்தவர்கள் பலவிதம். மலேசியாவில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பூட்டன் கப்பல் ஏறினவர். பெயர் ராமசாமி, அப்பா பெயர் சின்னப்பையன், ஊர் என்ற இடத்தில் ஜில்லா பெயர் மட்டும். ராமசாமி இல்லாத தெரு இந்தப் பக்கத்தில் உண்டா? சின்னப்பையன் என்று அழைக்கப்படாத ஆள்தான் உண்டா? கும்பிட்டு அனுப்பிவைத்தோம். திருவாமாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். தன்னோடு சேர்ந்து பிறந்து ஒரு வாரத்தில் செத்துப்போன தம்பிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தெரிய வேண்டும், ஆடி அமாவாசைக்குப் படைக்கும்போது பெயர் சொல்லிப் படைக்க வேண்டும் என்றார். பதிவு கிடைத்தது. பெயர் என்ற இடத்தில் "ஆண் குழந்தை" என்று இருந்தது. சார் எழுந்து நின்று அதை வாசித்தார். அந்த அம்மா, "அப்படியே சொல்லிப் படைச்சிக்கறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என்னால் டிபன் பாக்ஸைத் திறக்க முடியவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது மலர்க்கொடியின் விஷயம்.

மலர்க்கொடி விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. வந்ததுமே, "எங்கப்பா செத்ததுக்கு சர்டிபிகேட் வேணுங்க. பேரு ஏழுமலை. இங்க திண்டிவனத்து ஆஸ்பத்திரிலதான் செத்தாரு" என்றாள். வழக்கம்போல் சார் கையைக் காட்டினார். அவளை உட்கார வைத்து ஆதியிலிருந்து கேட்டார்.

மயிலம் பக்கம் ஒரு கிராமம் ஏழுமலைக்கு. மலர் கைக்குழந்தை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரத்தில் அவருக்கு விடாத காய்ச்சல். குழந்தையைத் தன் தாய்வீட்டில் விட்டுவிட்டு, மனைவி பச்சையம்மாள் தனியாக அவரைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தாள். மழை பிடித்துக்கொண்டது, ஏரி உடைந்து பாதை அறுந்தது, ஊரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. அவர் செத்துப் போனார். பிணத்தை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக அவளிடம் ஆளும் இல்லை, வழியும் இல்லை. டவுன் இடுகாட்டில் புதைத்துவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு ஒற்றையாக ஊருக்கு நடந்தாள்.

மாமியார் வாசலிலேயே நிறுத்திக் கேட்ட கேள்வி, "எம்புள்ள பொணம் எங்கடி?"

பிணத்தைப் பார்க்காமல் மகன் செத்தான் என்பதை அந்தத் தாய் ஒப்புக்கொள்ளவில்லை. கருமாதி கிடையாது என்றுவிட்டாள். கருமாதி நடக்காததால் பச்சையம்மாளின் தாலியையும் யாரும் இறக்கவில்லை. பிறகு எவனோ ஒருவன் ஏழுமலையைப் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று கிளப்பிவிட்டான். அது போதுமானதாக இருந்தது. சீக்காளிப் புருஷனை விட்டுவிட்டு இவள் வேறொருத்தனோடு போய்விட்டாள், அவன் கைவிட்டதும் புருஷன் செத்துப்போனான் என்று கதை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று ஊர் முடிவு செய்தது. அவளை உள்ளே விடவில்லை.

தாய்வீட்டோடு வந்து, களை எடுத்து, நடவு நட்டு, பிறகு விழுப்புரத்தில் சித்தாள் வேலை செய்து மகளை வளர்த்தாள். அத்தனை வருஷமும் கழுத்தில் தாலி.

"நீயே கழட்டி வச்சிடேம்மான்னு கேட்டேங்க," என்றாள் மலர். "அவங்க வூட்டு மனுஷங்க முறையா எடுக்கணும், நானா எடுத்தா அவங்க சொன்னதுதான் நெஜம்னு ஆயிடும்னுது. இப்ப நெஞ்சுல சளி கட்டிக்கினு மூச்சு வுட முடியல. ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவருக்குக் கருமாதி நடக்கறதைக் கண்ணால பாத்துட்டுதான் சாவேன்னுக்கினு கெடக்குது. பாட்டி எப்பவோ போயிட்டாங்க. இப்ப சித்தப்பாதான் பெரியவரு. பேப்பர் காட்டு, பண்றேன்றாரு."

ஏழுமலை என்ற பெயரில் அந்த வருஷத்தையும் முன்பின் வருஷங்களையும் தேடினேன். இரண்டு ஏழுமலை கிடைத்தார்கள். ஒருவர் கிழவர், ஒருவர் குழந்தை. மலரின் முகம் விழுந்துவிட்டது. தன் தாயின் மேலேயே அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்ததை நான் பார்த்தேன். அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

"ஆபீசுல வந்து சொன்னது உங்கம்மாதானே?"

"ஆமாங்க. வேற யாரு இருந்தா?"

"உங்கம்மா வாயால உங்கப்பா பேரைச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

மலர் யோசித்தாள். "இல்லீங்க. அதெப்படிங்க சொல்லுவாங்க?"

"அப்ப யாராவது கேட்டா?"

"மலை மேல இருக்கறவரு பேருன்னுவாங்க. திருப்பதி சாமி பேருன்னுவாங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "வசந்தாம்மா, எழுதுங்க. வெங்கடேசன், வெங்கடாசலம், சீனிவாசன், திருமலை, பெருமாள், கோவிந்தன்."

"கோவிந்தன் எங்க சித்தப்பா பேருங்க, அத வுட்ருங்க," என்றாள் மலர். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பெயரைப் பார்க்காமல் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். மனைவி, பெருவிரல் ரேகை. மனைவி, பெருவிரல் ரேகை. அப்படிப் போய்க்கொண்டே இருந்தபோது கிடைத்தது. இறந்தவர் பெயர் வெங்கடேசன். ஊர் அதே ஊர். காரணம் காய்ச்சல். தகவல் கொடுத்தவர் மனைவி பச்சையம்மாள். பக்கத்தில் மை கலங்கின ரேகை. சார் எழுந்தார். நானும் மலரும் எழுந்தோம். அவர் அந்த வரியை மெதுவாக வாசித்து முடித்ததும் மலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திருத்த மனுவோடு இணைக்க நகல் கொடுத்தோம். அவள் கிளம்பும்போது சார் சொன்னார், "இதை இப்ப ஊருக்கு எடுத்துக்கினு போவாதம்மா. பேரு திருத்தினப்புறம் போ."

அவள் கேட்கவில்லை. படுக்கையில் கிடக்கும் தாயை நினைத்து நேரே ஊருக்குப் போய்விட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்கள்.

அடுத்த வாரம் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"கோயிலாண்ட எல்லாரையும் கூட்டி வச்சி சித்தப்பா படிச்சிக் காட்னாருங்க. வெங்கடேசன் பொண்டாட்டி பச்சையம்மாள்னு. ரெண்டு தபா படிச்சாரு. பாத்தீங்களா, எங்கம்மா அப்பவே சொன்னாங்க, வேற ஒருத்தனுக்குப் பொண்டாட்டின்னு இவளே கவருமெண்டு புத்தகத்துல ரேகை வச்சிக்கீறான்னாரு. எல்லாம் சிரிச்சாங்க. நான் என்னாங்க பதில் சொல்றது? அம்மாகிட்ட இன்னும் சொல்லல. போயிட்டு வந்தியே, என்னா சொன்னாங்கன்னு கேட்டுக்கினே இருக்குது."

ஒரு பொம்பளை தன் புருஷன் பெயரைச் சொல்லாமல் மரியாதையாக ஜாடை காட்டினாள். எவனோ ஒரு எழுத்தன் தனக்குத் தெரிந்த சாமியின் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அந்த மரியாதையே அத்தனை வருஷம் கழித்து அவள் கற்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிய வேண்டும் போல் எனக்குக் கை பரபரத்தது. சாரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் போனை எடுத்து, மலரிடம் நம்பர் வாங்கி, கோவிந்தனைக் கூப்பிட்டார். பெயர் திருத்த ரத்த சொந்தம் ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அது உங்கள் அண்ணன் இல்லையென்றாலும் வந்து இல்லையென்று எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் வருகிற அன்றைக்கே பச்சையம்மாளையும் அழைத்து வரச் சொன்னார்.

மலரின் கணவர் விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மாமியாரைப் பின் சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்து, விக்கிரவாண்டி தாண்டி அத்தனை தூரம் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த அம்மாவைத் தூக்கி வந்து பெஞ்சில் சாய்த்தார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை. கறுத்துப்போன மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் தெரிந்தது. கோவிந்தன் எதிர்ப்பக்கம், சட்டைப் பையில் அந்த நகலோடு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

சார் நாற்காலியை இழுத்து அந்த அம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரை உங்க வாயால ஒரே ஒரு தபா சொல்லிடுங்க. எழுதிக்கறேன். வேலை முடிஞ்சிடும்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"எதுக்கும்மா சொல்ல மாட்டேன்றீங்க? சொன்னா அவரு ஆயுசு கொறையும்னா? அவருதான் போயிட்டாரே."

"தாலி இருக்குதுங்களே," என்றாள். மூச்சு வாங்கிற்று. "இத எடுக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"அம்மா, நீ சொன்னாத்தாம்மா எடுப்பாங்க," என்று மலர் கத்தினாள்.

"எனக்கு வாயில வராதுடி. வந்ததே இல்ல. வராததை எங்கருந்து வரவைக்கறது?"

கோவிந்தன், "பாத்தீங்களா சார், பேரைக் கேட்டா சொல்லத் தெரியல" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். சார் கையைக் காட்டினார். எழுந்து போய்ப் பக்கத்து வரி செக்‌ஷனிலிருந்து ராமலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராமலிங்கத்துக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து, "இந்தம்மா வீட்டுக்காரர் பேரைக் கேட்டு எழுதிக்குடுப்பா, எனக்குக் கண்ணு சரியா தெரியல" என்றார்.

ராமலிங்கம் குனிந்து, "வீட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்றான்.

"அதான், அந்த மலை மேல இருக்கறவரு பேரு."

"எந்த மலைம்மா?"

"திருப்பதிங்க."

ராமலிங்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, "வேற எதுனா இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். சார் அந்தத் தாளைத் தான் பார்க்கவில்லை. அப்படியே கோவிந்தனிடம் நீட்டினார். "படிங்க."

கோவிந்தன் எழுத்துக்கூட்டிப் படித்தார். "வெங்க... வெங்கடேசன்."

சார் பதிவேட்டைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

கோவிந்தன் தாளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையில் இருந்த நகலை எடுத்து மடித்தபடியே கையில் கசக்கினார். "எங்கம்மாகூட எங்கப்பா பேரைச் சொல்ல மாட்டாங்க," என்றார். "அந்தப் பழனிகாரர்னுவாங்க." பெஞ்சின் கீழே வந்து உட்கார்ந்தார். "அண்ணி, நான் அப்ப சின்னப் பையன். எங்கம்மா சொன்னதைக் கேட்டுக்கினு ஊர்ல நானும் பேசினேன். எங்கண்ணன் கடைசியா எதுனா கேட்டுச்சா அண்ணி?"

"கூழ் கேட்டாரு," என்றாள் பச்சையம்மாள். "கேப்பைக் கூழ். ஆஸ்பத்திரில ஏது?"

மலரின் கணவர் வெளியே போய்விட்டார். கோவிந்தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். பங்காளிகளுக்குக் காட்ட, பெயர் திருத்தின பேப்பர் வந்துவிட்டால் அடுத்த அமாவாசைக்கே காரியம் வைத்துவிடலாம், நீங்கள் மனையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் அவர் தலையில் கை வைத்தாள்.

பைல் மேலே போனது. அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் தேர்தல் வேலையில் மாட்டிக்கொண்டார். அப்புறம் ஒரு குறிப்புப் போட்டு பைலைத் திருப்பி அனுப்பினார். இறந்தவரின் மனைவி உயிருடன் இருந்தும் கணவர் பெயரைத் தம் வாய்மொழியாகக் கூறாதது ஏன், கூறச் செய்து பதிவு செய்து மீள அனுப்புக. அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த ரூமுக்கு அப்பால் ஒரு தண்டனை இருந்திருந்தால் அங்கேயும் என்னை மாற்றியிருப்பார்கள். நேரில் போய்க் கேட்டேன். "விதி அப்படிம்மா" என்றார். சார் பொறுமையாக இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினார். அமாவாசை வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது.

ஒரு காலையில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மலர் போன் செய்தாள். "மேடம், அம்மா போயிட்டாங்க."

ரயிலை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். சுற்றி இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கை கட்டி நின்றார்கள். ஒரு பெண் மெல்லக் கேட்டாள், "பூ வைக்கறதா, வேணாமா? பொட்டு?" புருஷனை முன்னால் அனுப்பினவளுக்குப் பூவும் பொட்டும் இல்லை. புருஷன் இருக்கப் போகிறவளுக்குத் தலை நிறையப் பூ. இவளுக்கு எது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் கோவிந்தன் மனைவியோடு வந்து இறங்கினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

வந்த வேகத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வைங்க," என்றார். "எங்கண்ணனுக்கு இன்னும் நாங்க காரியம் பண்ணல. பண்ற வரைக்கும் அண்ணி சுமங்கலிதான்."

மலர் அவர் மேல் பாய்ந்தாள். "இத்த உயிரோட இருக்கறப்ப ஊரு முன்னால சொல்லியிருக்கக் கூடாதா சித்தப்பா? ஒரு தபா வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" அவளைப் பிடித்து இழுக்க எனக்கு மனசு வரவில்லை. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பூ வைத்தார்கள், பொட்டு வைத்தார்கள், தாலியோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம் பேப்பர் வந்தது. இறந்தவர் பெயர் ஏழுமலை. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாளில் அந்த ஊரில் கோவிந்தன் கருமாதி செய்தார். தேவசகாயம் சாரும் நானும் போயிருந்தோம். இரண்டு படையல், இரண்டிலும் கேப்பைக் கூழ். ஊர் முழுக்க வந்து சாப்பிட்டது. நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு நிம்மதியும் இல்லை. பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு மலர் என் வீட்டுக்கு வந்தாள். "அம்மா செத்ததை விழுப்புரத்துல பதியணும் மேடம். நீங்க பக்கத்துல நில்லுங்க. எங்கம்மாவுக்கு ஆன மாதிரி ஆவக் கூடாது. எனக்கு அப்புறம் எம்புள்ளைங்க வந்து தேடினாங்கன்னா கெடைக்கணும்." போனேன். அவள் கணவர் ஆட்டோவில் எங்களை இறக்கிவிட்டு, வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டார்.

கவுண்டரில் இருந்தவர் நடுவயதுக்காரர். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட அவசரம். நிமிர்ந்தே பார்க்காமல் கேட்டு எழுதிக்கொண்டே போனார். இறந்தவர் பெயர், பச்சையம்மாள். கணவர் பெயர்?

மலர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏழுமலை," என்றாள், ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "ஏழு, மலை. நெடில் ஏ. வெங்கடேசன் இல்ல, சீனிவாசன் இல்ல, பெருமாள் இல்ல. ஏழுமலை."

அவர் பேனாவை நிறுத்தி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரிம்மா, ஏழுமலைதான். கத்தாதே." எழுதினார். மலர் எட்டி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் அத்தனை நாளில் அன்றைக்குத்தான் ஒரு தெளிவு இருந்தது.

"தகவல் குடுக்கறது யாரு?"

"பொண்ணுங்க. மலர்க்கொடி."

"உன் வீட்டுக்காரர் பேரு?"

மலர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கம்பியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அதான், திருவண்ணாமலை சாமி பேருங்க" என்றாள்.

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். அ, ரு, ணா.

"ஐயா, பேனாவை எடுங்க," என்று நான் கவுண்டர் பலகையில் தட்டினேன். "மலர், பேரைச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் ஜல்தி ஆகட்டும் என்று முணுமுணுத்தார். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாமலை," என்றாள்.

சொன்ன உடனே வாசல் பக்கம் திரும்பினாள். வேப்பமரத்தடியில் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு அவர் நின்றிருந்தார். அவர் அங்கே இருக்கிறாரா என்றுதான் பார்த்தாள்.